ராத்திரிக் கொத்தும் 27 வயது வண்டியும்

கேட்டிருந்த தம்பிக்கு வயது 27. சொந்த ஊர் வவுனியா. வேலை கிடைத்துத் திருகோணமலைக்கு வந்து இரண்டு வருடம், அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். காலையில் கடையில் இரண்டு றோல்ஸும் பால் தேத்தண்ணியும், மதியம் சோற்றுப் பார்சல், கிழமையில் ஐந்து இரவு கொத்து அல்லது பிரைட் ரைஸ், கூடவே ஒரு சோடா. வரும்போது 62 கிலோ, இப்போது 70. உயரம் 168 சென்ரிமீற்றர். கை கால் பழையபடி மெலிவுதான், வயிறு மட்டும் முன்னுக்கு வந்து வண்டி வைக்கத் தொடங்கிவிட்டதாம். ‘கடைச் சாப்பாட்டை விடு’ என்று அம்மா ஒவ்வொரு போனிலும் சொல்கிறாராம். ‘இந்த வயசில எல்லாம் எரிஞ்சு போகும்’ என்று அறையில் கூட இருப்பவர் சொல்கிறாராம். யார் சொல்வது சரி, அடிக்கடி இப்படிச் சாப்பிட்டால் உடம்புக்குள் உண்மையில் என்ன நடக்கும் என்று கேட்கிறார்.

தம்பி, அம்மா சொல்வது முக்கால்வாசி சரி. கூட்டாளி சொல்வது கால்வாசி கூட இல்லை. நான் இந்த மாவட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். சாப்பாட்டுக் கடைகளின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை அதிகம் பார்த்தவன். எனக்கும் கொத்து பிடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது என்னைக் கடையில் கண்டுவிட்டுப் புகார் சொல்லக்கூடாது.

‘துரித உணவு’ என்றதும் பலருக்கு வெளிநாட்டுக் கம்பனிகளின் பேர்கரும் பிற்சாவும்தான் ஞாபகம் வரும். திருகோணமலையில் அது கணக்கில் சின்னப் பங்கு. நம்முடைய துரித உணவு பின்னேரம் ஆறரை மணிக்கு இரும்புத் தகட்டில் ‘டக டக’ என்று சத்தம் போட்டுக் கூப்பிடுகிற கொத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கிற றோல்ஸ், பற்றிஸ், கட்லட், மீன் பணிஸ். இவற்றுக்கெல்லாம் அடித்தளம் ஒன்றே ஒன்று, வெள்ளைக் கோதுமை மா. இந்தத் தீவில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வருகிறது. அதில் பெரும் பங்கு நம்முடைய சீனக்குடாவில் கடலோரம் நிற்கிற பிறீமா ஆலையில் அரைபட்டு, நாடு முழுக்கப் போகிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம், எங்கள் ஊர்த் தட்டு எப்படி மாறியது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா என்று நினைப்பேன். தம்பலகாமத்து வயல் ஒரு பக்கம், மா ஆலை மறுபக்கம், ஜெயித்தது எது என்று கொத்துக் கடையில் தெரியும்.

சரி, ஒரு கோழிக் கொத்தை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். ஒரு நாள் நான் வேலையாக அல்லாமல் வாடிக்கையாளனாகவே தகட்டின் அருகில் நின்று கவனமாகப் பார்த்தேன். றொட்டி மாஸ்டர் எண்ணெயில் ஊறிக் கிடந்த உருண்டைகளை எடுத்து வீசினார். மூன்று றொட்டி. வீசுவதற்கு முன் மேசையில் எண்ணெய், தகட்டில் எண்ணெய், லீக்ஸும் வெங்காயமும் வதங்க எண்ணெய், கடைசியில் மேலே ஊற்றிய இறைச்சிக் குழம்பின் மேலே மிதந்த எண்ணெய். மூன்று றொட்டிக்கு மா 200 கிராம் என்று வையுங்கள், 720 கலோரி. எண்ணெய் ஒரு மேசைக் கரண்டிக்கு 120 கலோரி. நான் பார்த்த அளவில் நாலு கரண்டிக்குக் குறையாது, ஆகவே 480. முட்டை ஒன்று 75. கோழி ஒரு 200. கூட்டினால் 1500க்குக் கிட்ட வருகிறது. ஆய்வுகூடக் கணக்கு இல்லை, கண்ணால் அளந்த கணக்குத்தான். கடைக்குக் கடை கூடும், குறையும். ஆனால் கதிரையில் இருந்து வேலை செய்கிற உங்கள் உடம்புக்கு ஒரு முழு நாளைக்குத் தேவை ஏறத்தாழ 2200. அதில் மூன்றில் இரண்டு பங்கை இரவு ஒன்பதரைக்கு, இருபது நிமிடத்தில், ஒரு தட்டில் முடிக்கிறீர்கள். காலை றோல்ஸும் மதியச் சோறும் ஏற்கெனவே உள்ளே போனபிறகு.

‘எரிஞ்சு போகும்’ என்கிறாரே, எரிக்கிற விலையையும் அவரிடம் சொல்லுங்கள். 70 கிலோ ஆள் மணிக்கு ஐந்து கிலோமீற்றர் வேகத்தில் நடந்தால் ஒரு மணித்தியாலத்தில் 250 கலோரி அளவில்தான் செலவாகும். 1500ஐ நடந்து கழிக்க வேண்டுமென்றால் நகரத்திலிருந்து நிலாவெளி வரை நடந்து, அங்கிருந்து திரும்பவும் நடந்தே வரவேண்டும். உடம்பு சும்மா இருக்கும்போதும் எரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் செலவு மேலே சொன்ன 2200க்குள் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது.

அளவு கூடுவது மட்டும் பிரச்சினை என்றால் குறைத்துச் சாப்பிட்டால் போதுமே என்று கேட்கலாம். குறைக்க விடாது என்பதுதான் விஷயம். 2019இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவரின் குழு ஒரு சோதனை செய்தது. 20 பேரை ஒரு மாதம் அங்கேயே தங்கவைத்தார்கள். இரண்டு கிழமை ஆலையில் பதப்படுத்திய சாப்பாடு, இரண்டு கிழமை வீட்டில் சமைப்பது போன்ற சாப்பாடு. இரண்டிலும் முன்னால் வைத்த கலோரி, சீனி, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறத்தாழச் சமம். விரும்பியளவு சாப்பிடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். பதப்படுத்திய சாப்பாட்டுக் கிழமைகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு கிழமையில் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. மற்றச் சாப்பாட்டில் அதே அளவு இறங்கியது. அவர்கள் அதை வேகமாகவும் சாப்பிட்டிருந்தார்கள். மென்மையாக இருக்கிறது, மெல்லத் தேவையில்லை, வயிறு ‘போதும்’ என்று செய்தி அனுப்புவதற்குள் தட்டு காலி.

இங்கே ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். கொத்து கண்முன்னே கொத்துகிற சாப்பாடு. ஆலையில் இருந்து வருவதில்லை. பிரேசிலின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்து கார்லோஸ் மொன்தேரோ உணவுகளைப் பதப்படுத்தும் அளவை வைத்து நான்காகப் பிரித்தாரே, அந்தக் கணக்கில் ஆலையில் மிக அதிகம் பதப்படுத்தியவை இருக்கிற கடைசிப் படியில் முட்டைக் கொத்து வராது. ஆனால் இப்போது அதற்குள் சொசேஜ் வெட்டிப் போடுகிறார்கள், பதப்படுத்திய (புரொசெஸ்ட்) சீஸ் போடுகிறார்கள், கோழிச் சுவைக் கட்டி, சோஸ், பக்கத்தில் சோடா. அதெல்லாம் அந்தக் கடைசிப் படிதான். கொத்து என்ற பெயர் மாறவில்லை, உள்ளே இருப்பது மாறிக்கொண்டே போகிறது. வேகமாக உள்ளே இறங்குவதில் பழைய கொத்தும் சளைத்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்: மெல்லுகிற வேலையில் பாதியை மாஸ்டரின் இரண்டு தகடுகளும் முன்கூட்டியே செய்துவிடுகின்றன.

உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உள்ளே நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சோயா சோஸ் ஒரு மேசைக் கரண்டியிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. சுவைக் கட்டியில் பாதிக்குக் கிட்ட உப்புத்தான். பிரைட் ரைஸ் சாப்பிட்ட இரவு செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறீர்களா, காலையில் மோதிரம் இறுகுகிறதா, காரணம் இதுதான். ஒருநாள் என்றால் சிறுநீரகம் கழித்துவிடும். வருடக்கணக்கில் போனால் இரத்த அழுத்தம் மெல்ல ஏறும், ஏறுவது தெரியவும் மாட்டாது.

இந்த இடத்தில் அஜினோமோட்டோ பற்றி யாராவது கேட்பார்கள். அதில் உள்ள குளுட்டமேற்றை 1908இல் ஜப்பானில் கிகுனே இகேதா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தார். அதே சாமான் தக்காளியிலும் இருக்கிறது. 1968இல் ஒரு மருத்துவ இதழுக்கு வந்த கடிதத்தில் தொடங்கிய பயம் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. வழமையாகச் சமையலில் போடுகிற அளவில் அது பெரிய தீங்கு செய்கிறது என்று பின்னால் செய்த ஆய்வுகள் நிரூபிக்கவில்லை. ‘எங்கள் கடையில் அஜினோமோட்டோ இல்லை’ என்று போர்டு போட்டுவிட்டு உப்பை அள்ளிப் போடுகிற கடையைவிட, போர்டு இல்லாத கடை எனக்குப் பரவாயில்லை.

எண்ணெயைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் அதைத்தான் அதிகம் பார்த்தேன். ஒரு கடை. பெயர் வேண்டாம். பின்னால் றோல்ஸ் பொரிக்கிற தாச்சி. பின்னேரம் நாலு மணி, எண்ணெய் வெறும் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. ஒரு றோல்ஸைப் போட்டதும் சின்னச் சின்னக் குமிழி இல்லை, சோப்பு நுரை மாதிரி நுரைத்து மேலே வந்தது. விளிம்பில் பிசின் போல ஒட்டிக் காய்ந்திருந்தது. எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். ‘மாத்திறதில்லை சேர், குறையக் குறைய விடுறது’ என்றார். பொய் சொல்லவில்லை பாருங்கள், அவருக்கு அதில் தவறு இருப்பதாகவே தோன்றவில்லை. எண்ணெய் கொட்டுவது காசைக் கொட்டுவது.

திரும்பத் திரும்பச் சூடாகும் எண்ணெய் சிதைந்து வேறு பொருட்களாக மாறுகிறது. புகை வரும்போது கண்ணைக் கரிக்கிறதே, அது அக்ரோலின் என்ற வாயு. எண்ணெயில் சேருகிற சிதைவுப் பொருட்களை அளப்பதற்கு முறை இருக்கிறது. இந்தியா உட்படப் பல நாடுகளில் அவை நூற்றுக்கு 25ஐத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக்கூடாது. ஆனால் வாடிக்கையாளர் கையில் கருவி இல்லை. நிறம், நுரை, பிசுபிசுப்பு, பொரித்த பண்டத்தில் பழைய வாடை, இந்த நாலும் போதும். இன்னொன்று, பேக்கரிப் பற்றிஸை அடுக்கடுக்காக உதிர வைக்கிற கட்டிக் கொழுப்பு. அது ஐதரசன் ஏற்றிய பழைய வகை மாஜரீனாக இருந்தால் ட்ரான்ஸ் கொழுப்பு இருக்கும். கெட்ட கொலஸ்ட்ரோலை ஏற்றி, நல்ல கொலஸ்ட்ரோலை இறக்கி, இரண்டு பக்கமும் வெட்டுவது அது ஒன்றுதான். உலக நாடுகள் அதை முற்றாக ஒழிக்க வேண்டும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

தேங்காய்ப் பாலும் தேங்காயெண்ணெயும் மட்டும் என்ன உத்தமமா என்று சிலர் மடக்குவார்கள். தேங்காயெண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் கெட்ட கொலஸ்ட்ரோலை ஏற்றுகிற நிரம்பிய கொழுப்புத்தான், பாம் எண்ணெயில் பாதி. ஆகவே சொதியில் நீந்தலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொதியோடு கீரை வரும், மீன் வரும், பருப்பு வரும். கொத்தோடு என்ன வருகிறது? ஒரு பிடி லீக்ஸ்.

இதுதான் உண்மையான நட்டம் என்று நான் நினைக்கிறேன். கொத்துக்குள் இருப்பதை எல்லாரும் பேசுகிறோம், கொத்து தட்டிலிருந்து தள்ளிவிட்டதை யாரும் பேசுவதில்லை. பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 25 கிராமாவது நார்ச்சத்து வேண்டும். 200 கிராம் வெள்ளை மாவில் ஐந்து ஆறு கிராம்தான் இருக்கும். பெருங்குடலில் வாழ்கிற நுண்ணுயிர்களுக்கு அந்த நார்தான் சாப்பாடு. அதைத் தின்று அவை உண்டாக்கும் அமிலங்கள்தான் குடல் சுவரைக் காப்பாற்றுகின்றன. அவற்றைப் பட்டினி போட்டால் முதலில் மலச்சிக்கல் வரும், மற்றவை மெதுவாக வரும். கிழமையில் ஐந்து இரவு என்றால் ஐந்து இரவும் சூடை மீன் இல்லை, முருங்கையிலை இல்லை, பருப்பு இல்லை. மத்திய வீதிச் சந்தைக்கு இத்தனை கிட்டத்தில் இருந்துகொண்டு!

சோடாவுக்கு வருவோம். எனக்கு ஒன்றை மட்டும் நிறுத்தச் சொல்ல அதிகாரம் தந்தால் கொத்தை விட்டுவிட்டு இதைத்தான் நிறுத்துவேன். இலங்கையில் 2016 முதல் போத்தலில் நிற வட்டம் இருக்கிறது. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2க்குக் கீழ் என்றால் பச்சை, இடையில் செம்மஞ்சள். 400 மில்லி சிவப்புப் போத்தல் ஒன்றில் 44 கிராமுக்கு மேல், ஏறக்குறைய ஒன்பது தேக்கரண்டி சீனி. யாராவது உங்கள் தேத்தண்ணியில் ஒன்பது கரண்டி போட்டால் சண்டைக்குப் போவீர்கள். செம்மஞ்சளைக் கண்டு ஏமாறவும் வேண்டாம், 100 மில்லிக்கு 8 கிராம் இருந்தாலும் செம்மஞ்சள்தான். சேர்த்துக்கொள்ளும் சீனி நாள் முழுவதற்கும் 50 கிராமுக்குள், முடிந்தால் 25க்குள் நிற்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. குடிக்கிற சீனி வயிற்றை நிரப்புவதும் இல்லை, சாப்பிடும் அளவைக் குறைப்பதும் இல்லை. அதில் பாதி ஃபிரக்டோஸ் என்ற வகைச் சீனி, அது நேராக ஈரலுக்குப் போகிறது. மிஞ்சியதை ஈரல் கொழுப்பாக மாற்றி வைத்துக்கொள்கிறது. மது குடிக்காதவருக்கும் ஈரலில் கொழுப்பு படிகிறதே, அதில் ஒரு வழி இது. றாகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் நகர்ப்புறத்துப் பெரியவர்களை ஸ்கான் செய்து பார்த்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அப்படி இருந்தது. சாராயம் காரணமல்ல.

இப்போது உங்கள் வண்டிக்கு. உங்கள் நிறையையும் உயரத்தையும் வைத்துப் பார்த்தால் பிஎம்ஐ 24.8. ஐரோப்பியக் கணக்கில் 25 வரை பயமில்லை என்பார்கள். நமக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. தெற்காசிய உடம்பு மெலிவாகத் தெரிந்தாலும் கொழுப்பை வயிற்றுக்குள், உறுப்புகளைச் சுற்றிச் சேர்த்துவைக்கும். அதனால் ஆசியர்களுக்கு 23லிருந்தே கவனிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. தையல்காரர் நாடாவை எடுத்துத் தொப்புள் மட்டத்தில், மூச்சை உள்ளே இழுக்காமல் அளந்து பாருங்கள். கை கால் மெலிந்து வயிறு மட்டும் வருவதுதான் நீரிழிவுக்குப் போகிற நமது வழக்கமான பாதை. அந்தக் கொழுப்பு, இரத்தச் சீனியை இறக்குகிற இன்சுலினை வேலை செய்ய விடாது. இன்சுலினைச் சுரக்கிற சதையி (கணையம்) கூடக் கூடச் சுரந்து சமாளிக்கும், பல வருடம் சமாளிக்கும், அதுவரை இரத்தச் சீனி சரியாகவே காட்டும். கூட்டாளி ‘எரிஞ்சு போகுது’ என்று நினைப்பது இந்த வருடங்களைத்தான்.

அமெரிக்காவில் 3000க்கு மேற்பட்ட இளைஞர்களை 15 வருடம் தொடர்ந்து பார்த்து 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கிழமைக்கு ஒரு தடவைக்குக் குறைவாகத் துரித உணவுக் கடைக்குப் போனவர்களோடு ஒப்பிட்டால், இரண்டு தடவைக்கு மேல் போனவர்கள் 4.5 கிலோ கூடுதலாக ஏறியிருந்தார்கள். இன்சுலின் எதிர்ப்பு அவர்களில் கூடிய அளவும் மற்றவர்களைப் போல இரண்டு மடங்காக இருந்தது. அவர்களுடைய சாப்பாடு வேறு, நம்முடையது வேறு. ஆனாலும் கணக்கைப் பாருங்கள், அங்கே ‘அதிகம்’ என்று வைத்தது கிழமைக்கு இரண்டுக்கு மேல். நீங்கள் இருப்பது ஐந்தில்.

நேரமும் ஒரு விஷயம். ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுத்தால் கொழுப்புச் சாப்பாடு வயிற்றிலேயே நிற்கும், அமிலம் மேலே ஏறும். நெஞ்செரிவுக்கு மாத்திரை வாங்குகிற இளம் பிள்ளைகள் இப்போது அதிகம். இரவில் இன்சுலினின் வேலையும் மந்தம், அதே தட்டைப் பின்னேரம் ஆறரைக்குச் சாப்பிடுவது எவ்வளவோ மேல்.

கிருமி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் என் பழைய தொழில் என்னை விடாது. கொத்து தகட்டில் கொதிக்கக் கொதிக்க வருவதால் ஓரளவு பாதுகாப்பு. எனக்குப் பயம் பிரைட் ரைஸில். மத்தியானம் வடித்த சோற்றைச் சட்டியோடு வெளியே வைத்து இரவு வதக்குவார்கள். பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. நமது ஊர் வெக்கையில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தி வந்தால் பெரும்பாலும் அதுவாக இருக்கும். பச்சை முட்டையில் அடித்து வெளியே வைத்த மயோனைசும் ஆபத்துத்தான், அதில் வருவது வேறு கிருமி. மே மாத வெக்கையில் அதைத் தொடவே வேண்டாம். கடற்கரையில் சாப்பிட்டால் தாளைக் குப்பைத் தொட்டிக்குள் போடுங்கள், இது உங்கள் உடம்புக்காக இல்லை. டச்சுக்குடாப் பக்கம் திரிகிற மான்கள் உப்பு வாசனைக்கு அந்த லஞ்ச் சீற்றை அப்படியே மென்று விழுங்குவதை நின்று பார்த்திருக்கிறேன்.

இனி என்ன செய்யலாம்? முழுக்க விடச் சொல்லமாட்டேன், சொன்னாலும் நீங்கள் கேட்கமாட்டீர்கள். ஐந்தை ஒன்றாக்குங்கள். வெள்ளிக்கிழமை எப்படியும் மரக்கறி, ஆகவே சனிக்கிழமை கொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கும் கூட்டாளியோடு ஒன்றைப் பாதி பாதியாகப் பிரித்து, பக்கத்தில் ஒரு அவித்த முட்டை. மாஸ்டரிடம் ‘றொட்டி ரெண்டு காணும், லீக்ஸ் கரட் கூடப் போடுங்கோ, குழம்பு தனியத் தாங்கோ’ என்று சொன்னால் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார், பிறகு போடுவார். மற்ற நாலு இரவுக்கு அதே தெருவில் இடியப்பமும் பிட்டும் விற்கிற கடைகளும் வீடுகளும் இருக்கின்றன. சொதி, மீன் குழம்பு, ஒரு சம்பல். தவிட்டு நிற அரிசிமா இடியப்பம் கிடைத்தால் இன்னும் நல்லது. காலை றோல்ஸுக்குப் பதில் அவித்த கடலை அல்லது இலைக்கஞ்சி. சின்ன அடுப்பு ஒன்று அறையில் வைக்க வீட்டுக்காரர் விட்டால் பருப்பும் முட்டையும் உங்களுக்குத் தெரிந்த சமையலாகவே இருக்கும். சோடாவுக்குப் பதில் தேசிக்காய்த் தண்ணி, சீனி போடாமல், இல்லாவிட்டால் ஒரு செவ்விளநீர். தேத்தண்ணியில் சீனியைக் கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறையுங்கள், நாக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும்.

பிறகு ஒரு நாள் காலை வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சீனி 100க்குக் கீழ் என்றால் சரி, 100க்கும் 125க்கும் இடையில் என்றால் எச்சரிக்கை, 126ஐத் தொட்டால் இன்னொரு நாள் திரும்பச் செய்து உறுதிப்படுத்தி வைத்தியரிடம் போக வேண்டும். கொலஸ்ட்ரோலும் ஈரலும் அதே இரத்தத்தில் பார்க்கலாம், பிரஷரை எந்த அரச ஆஸ்பத்திரியிலும் காசில்லாமல் பார்ப்பார்கள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நீரிழிவு இருந்தால் இதைத் தள்ளிப் போடாதீர்கள், இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. இடுப்பளவை இன்றைக்கே எழுதி வைத்து, மூன்று மாதம் கழித்து அதே நாடாவால், அதே நேரத்தில் அளந்து பாருங்கள்.